பிள்ளை வரமும் எண்ணெய் ஊசியும்

உடம்பு வளர்க்கிற ஊசி சைவமா அசைவமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க நாங்கள் விவாதித்திருக்கிறோம். இடம், பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜிம். தைப்பூச விரதம் தொடங்கியிருந்த நேரம். நான் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். கறி, மீன், முட்டை, பீர், சிகரெட், பெண்டாட்டி எல்லாவற்றையும் விட்டாயிற்று. ஊசியை மட்டும் விடவில்லை. அது விரதத்தைக் கெடுக்குமா என்பதுதான் கேள்வி.

ஜிம் வைத்திருந்தவரை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். கழுத்தே இல்லாத மனிதர். தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். அவர் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஆட்டினார்.

"பாரு, எண்ணெய் மாதிரி இருக்கா இல்லயா?"

"இருக்குண்ணே."

"எண்ணெயிலதான் கலக்கறான். எண்ணெய் எதுலேர்ந்து வருது? செடியிலேர்ந்து. அப்பறம் என்னா? சைவம்தான் லா."

"உள்ள இருக்கற மருந்துண்ணே?"

"மருந்துக்கு ஏது விரதம்? காய்ச்சல் மாத்திரை முழுங்கினா சாமி கோவிச்சுக்குமா?"

ஓரத்தில் எடை தூக்கிக்கொண்டிருந்த ஒருவன், குப்பி வந்த பெட்டியில் மாட்டுப் படம் இருந்ததாகச் சந்தேகம் கிளப்பினான். அண்ணன் அவனை முறைத்தார். அது காளைமாடு, பலத்துக்கு அடையாளம், அவ்வளவுதான் என்றார். தீர்ப்பு சைவம் என்று முடிந்தது. நாங்கள் நிம்மதியாகக் கலைந்தோம்.

ஊரில் ஸ்டீராய்டு என்று சொல்வதைத்தான் ஜிம்மில் எண்ணெய் என்போம். ஆண்களின் உடம்பில் தானாக ஊறுகிற ஹார்மோனைப் போலச் செய்து குப்பியில் அடைத்தது. டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. அண்ணனிடம் கேட்டால் வரும். குப்பியில் ஒட்டியிருந்த எழுத்து எந்த நாட்டு எழுத்து என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாவதோடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். கேமரன் மலையில் முட்டைக்கோஸ் வெட்டினேன், சிங்கப்பூரில் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தேன், கிள்ளானில் லாரிக்கு மூட்டை ஏற்றினேன். எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலத்தை முழுதாகப் பார்த்ததில்லை. பினாங்குக்கு ஒரு கூட்டாளியின் கல்யாணத்துக்கு வந்தேன். பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் தாண்டிப்போன பெண்ணிடம் சண்டை போட்டு, கடைசியில் அவளையே கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். ஜார்ஜ் டவுனில் ஒரு பப் வாசலில் நிற்கிற வேலை கிடைத்தது. அதற்குப் படிப்பு கேட்கமாட்டார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்க உடம்பு வேண்டும். உடம்பு போதவில்லை என்றார்கள், ஜிம்முக்குப் போனேன். ஜிம்மில் சோறும் முட்டையும் மட்டும் போதாது என்றார்கள், எண்ணெய்க்குப் போனேன்.

ஊசியைப் பின்பக்கத்தில் போட வேண்டும். எனக்குக் கை எட்டாது, எட்டினாலும் தைரியம் எட்டாது. போட்டுவிட்டவள் என் மனைவி. அவள் ஒரு தொழிற்சாலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரப்பர் குழாய்களைப் பொருத்துகிற வேலை பார்த்தாள். கை நடுங்கவே நடுங்காது. முதலில் ஓர் அறை விடுவாள், பிறகு குத்துவாள்.

"இறுக்காதீங்க. ஊசி வளைஞ்சிச்சுன்னா நீங்களே போய் அண்ணன்கிட்ட பதில் சொல்லுங்க."

உடம்பு வந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது. சட்டைக் கை கிழிந்தது. நான் பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியாகவே போகும். கூடவே வேறு சிலதும் வந்தன. முதுகெல்லாம் பரு. சட்டை உரசினாலே மார்க்காம்பு வலித்தது. சளி பிடித்தால் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கைலிக்குள் நடந்ததையும் கவனித்தேன். மற்றதெல்லாம் பெருக்கப் பெருக்க, அது இரண்டும் சிறுத்துக்கொண்டே போயின. பக்கத்தில் மாடிக் கட்டடம் எழும்பினால் பழைய வீடு குள்ளமாகத் தெரியுமே, அப்படித்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனும் அதையேதான் சொன்னார்.

"தொடை பெருத்துப் போச்சு லா உனக்கு. அதான் அப்படித் தெரியுது."

இதற்கிடையில் கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. வீட்டில் பிள்ளை இல்லை. என் மனைவிக்கு வேறு எந்த ஆசையும் பெரிதாக இருந்ததில்லை. மாடிவீட்டுக் குழந்தை படியில் தவழ்ந்து வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். எங்களோடு இருந்த மாமியார், அதாவது அவளைப் பெற்ற அம்மா, மகளை இழுத்துக்கொண்டு போகாத இடமில்லை. பாகான் டாலாமில் ஒரு நாட்டு மருந்துக்காரர், ஆயர் ஈத்தாம் பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால் ஒரு சீன மருந்துக் கடை, நாடி பார்க்கிறவர், மஞ்சள் கயிறு கட்டுகிறவர். வேப்பங்கொழுந்து, மலைவேம்பு, பெயர் தெரியாத வேர்கள். சமையல் கட்டில் கஷாயப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். பெண்கள் டாக்டரிடம் ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை என்றார்கள். வீட்டுக்காரரையும் வரச்சொல்லுங்கள் என்று அந்த டாக்டர் சொன்னாராம். மாமியார் சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கதவில் நுழைய ஒருக்களித்துத் திரும்புகிறவனுக்கு என்ன குறை இருக்க முடியும்? எனக்கே வரவில்லை. அண்ணன் வேறு என் மனைவியிடமே ஒருமுறை சொல்லியிருந்தார்: "ஆம்பள சத்து தங்கச்சி இது. பிள்ளைக்கும் நல்லது. எனக்கு மூணு இருக்குல்ல?" அன்றிலிருந்து அவள் முருகா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஊசியைக் குத்துவாள்.

பிள்ளை வரம் கேட்டுக் காவடி எடுப்பது என்பது மாமியாரின் யோசனை. நான் உடனே சரி என்றேன். பக்தி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற ரோட்டில் சட்டையில்லாமல் நடக்கப்போகிறோம், இரண்டு பக்கமும் ஊரே நிற்கும், ஒவ்வொரு கையிலும் போன் இருக்கும் என்கிற நினைப்பும் இருந்தது. ஜிம்மில் பாதிப் பேர் தைப்பூசத்தை வைத்துத்தான் எண்ணெயைக் கணக்குப் போடுவார்கள். விரதச் சாப்பாட்டில் கொழுப்பு கரையும், எண்ணெயில் சதை நிற்கும், காவடிக்கு அடியில் ஒவ்வொரு நரம்பும் எடுப்பாகத் தெரியும். அந்த வருஷம் நான் அளவையும் கூட்டினேன். பிள்ளைக்கும் நல்லதாயிற்றே.

தைப்பூசத்தன்று முதுகில் கொக்கிகள், கன்னத்தில் வேல், தோளில் என்னைவிட அகலமான காவடி. உறுமி மேளம் வயிற்றுக்குள் அதிர்ந்தது. சீனக் குடும்பங்கள் ரோட்டில் தேங்காய்களைக் குவித்து உடைத்தார்கள். யாரோ ஒரு பெண் "யம்மா, என்னா உடம்பு" என்றது என் காதில் நன்றாகவே விழுந்தது. முருகன் காதிலும் விழுந்திருக்கும். படியேறும்போது மூச்சு இரைத்தது. கனம் காவடியா நானா என்று தெரியவில்லை. உச்சியில் கொக்கிகளைக் கழற்றித் திருநீற்றை அப்பினார்கள்.

கிள்ளானில் இருந்த காலத்தில், எண்ணெய்க்கெல்லாம் முன்னால், ஒரு தடவை சின்னக் காவடி எடுத்திருக்கிறேன். அப்போது திருநீறு வைத்த இடம் ஓரிரு நாளில் காய்ந்து, எங்கே குத்தினார்கள் என்று தேட வேண்டியிருந்தது. இந்தமுறை முதுகு காயவில்லை. சிவந்தது, வீங்கியது, சீழ் கோத்தது. போதாததற்கு, கடைசியாக ஊசி போட்ட பின்பக்கத்திலும் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. உட்காரவும் முடியாது, மல்லாக்கப் படுக்கவும் முடியாது. குளிர் காய்ச்சலில் பல் தந்தியடிக்க சோபாவில் குப்புறக் கிடந்தேன்.

பார்க்க வந்த காவடிக் குழு ஆட்கள் முதுகைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"விரதம் சுத்தமா இருந்தா புண்ணு ஏன் லா வருது?" என்றான் ஒருவன்.

அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். எல்லோருடைய கண்ணும் கோப்பித் தட்டோடு வந்த என் மனைவியின்மேல் போயிற்று. அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். விரதம் முழுக்க அவள் தன் அம்மாவோடு அறையிலும் நான் ஹாலிலும்தான் படுத்தோம். அவர்கள் படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும் வெளியே வந்து என் தலைமாட்டில் நின்றாள்.

"நான் கெடுக்கல. அப்ப யாரு கெடுத்தா?"

"யாரும் கெடுக்கல."

"கோழி சாப்டீங்களா?"

"இல்ல."

"பப்புல பீர்?"

"மோந்துகூடப் பாக்கல."

"அப்ப எவளோ ஒருத்தி இருக்கா."

"எவளும் இல்ல. குப்புறப் படுத்திருக்கறவன் பொய் சொல்லுவானா?"

"மூணுல ஒண்ணு நடந்திருக்கணும்," என்று அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

சமையல் கட்டிலிருந்து மாமியார் குரல் வந்தது. "நாலாவது ஒண்ணு இருக்கு. அந்த ஊசி."

"அது சைவம் அத்தை. எண்ணெய்."

"எந்த எண்ணெயோ, எந்த மிருகத்துக் கொழுப்போ, யாரு கண்டா? விரதத்துக்கு நடுவுல கண்டதையும் ஏத்திக்கிட்டா சாமி சும்மா விடுமா?"

அவர் சொன்ன காரணம் தப்பு. ஆனால் சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அவரும் கூட வந்ததுதான் என் அதிர்ஷ்டம். கட்டிகளைக் கீறிச் சீழெடுத்தது ஓர் இளம் டாக்டர், தமிழ்ப் பெண். வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று அவர் கேட்டபோது, நான் படித்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு இல்லை என்றேன்.

"ஊசி போடறாரும்மா," என்றார் மாமியார், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "என் மவதான் போட்டுவிடறா. வருஷக்கணக்கா."

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஜிம் ஊசியாண்ணே?"

தலையாட்டினேன்.

"குப்பி சுத்தமில்லாம இருந்திருக்கலாம். ஊசி போட்ட இடத்துல கட்டி வர்றதுக்கு அதுவே போதும். அளவுக்கு மீறிப் போட்டா இந்த மருந்து உடம்போட எதிர்ப்பு சக்தியையும் கெடுக்கும்னு சொல்றாங்க. நீங்க முதுகுல அத்தனை ஓட்டை வேற போட்டிருக்கீங்க. எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சு சொல்ல முடியாதுண்ணே. ஆனா நிறுத்தணும்." கொஞ்சம் தயங்கினார். "பிள்ளைங்க இருக்காங்களா?"

திரைக்கு அந்தப் பக்கம் மாமியாரின் வளையல் சத்தம் நின்றது.

"அதுக்குத்தாம்மா காவடியே எடுத்தாரு," என்றார் மாமியார்.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா வேறு எதையாவது அடக்கினாரா என்று எனக்குத் தெரியவில்லை. மாடியில் இன்னொரு டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். புண் ஆறியதும், ஒரு டப்பாவில் விந்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

மாடியில் இருந்தவர் வயதான சீன டாக்டர். மலாயில் பேசினார். கால்சட்டையை இறக்கிப் படுக்கச் சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மணிமாலையை எடுத்தார். மிளகு போன்ற மணியில் தொடங்கி முட்டை போன்ற மணிவரை வரிசையாகக் கோத்த மாலை. எனக்காகச் சாமி கும்பிடப் போகிறார், அவ்வளவு மோசமா நம் நிலைமை என்று பயந்துபோனேன். கும்பிடவில்லை. ஒரு கையில் மாலை, ஒரு கையில் நான். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றித் தடவினார். அளவெடுக்கிறாராம். பெரிய மணியில் தொடங்கிய விரல் கீழே கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. நில்லுங்கள் டாக்டர், நில்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். கடைசிக்குச் சற்று முன்னால் நின்றது.

"கெச்சில்," என்றார்.

சின்னது என்று அர்த்தம். குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது எவ்வளவு அன்பாக இருக்கிற சொல்.

டப்பாவில் கொடுத்ததற்கும் பதில் வந்திருந்தது. அதில் விந்தணு ஒன்றுகூட இல்லை. பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். உடம்புக்குள் ஹார்மோன் செய்கிற தொழிற்சாலை கீழே இருக்கிறது, மேனேஜர் மேலே மூளையில் இருக்கிறான். வெளியிலிருந்து சரக்கு வந்து குவிந்தால் மேனேஜர் என்ன செய்வான்? தொழிற்சாலையை மூடிவிடுவான். வேலையில்லாத தொழிற்சாலை சுருங்கும். விந்தணுவும் அங்கேதான் உற்பத்தி, அதுவும் நின்றுபோகும். ஆண்மைக்கு என்று ஏற்றியது ஆண்மையின் கடையை அடைத்துவிட்டது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும், மாதக்கணக்காகலாம், வருஷமும் தாண்டலாம், வராமலே போகிறவர்களும் உண்டு என்றார்.

என் மனைவி கீழே ஆஸ்பத்திரிக் கேண்டீனில் உட்கார்ந்திருந்தாள். நுரை ததும்பும் இரண்டு தே தாரிக் டீ வாங்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாலையையும் சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"நான்தானே குத்தினேன்," என்றாள். "முருகா முருகான்னு சொல்லிச் சொல்லி நானே குத்திக் குத்தி மூடிட்டேன்."

"உனக்கு என்ன தெரியும்? எனக்கே தெரியாது."

"எத்தனை கஷாயம் குடிச்சிருப்பேன். எத்தனை பேரு என் வயித்தப் பாத்துட்டுப் போனாங்க." டம்ளரைத் தள்ளி வைத்தாள். "சரி. வந்தாலும் வரும்னு சொன்னாருல்ல? அப்ப நிறுத்துங்க. இன்னிக்கே."

மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் மிச்சமிருந்த கஷாயத்தை எல்லாம் ஒரே சொம்பில் ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"வீணாக்கக் கூடாது மாப்ள. நீங்க குடிங்க."

குடித்தேன். என் மனைவி நாற்காலியை எதிரே போட்டு உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

நிறுத்துவது ஆரம்பித்ததுபோல் சுலபமாக இல்லை. டாக்டர் சில மாத்திரைகள் கொடுத்து, அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தார். மேனேஜரோ இன்னும் லீவில் இருந்தான். உடம்பு காற்று போன டயர் மாதிரி தொய்ந்தது. தூக்கம் இல்லை, ஆசையும் இல்லை. டிவியில் சோப்பு விளம்பரத்துக்கு அழுதேன். பப் முதலாளி ஒரு நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டை மட்டும்தான் வேலைக்கு வருகிறது, ஆள் எங்கே என்றார். அந்த வேலை போயிற்று. பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிற வேலை கிடைத்தது. லாரிக்கு உடம்பு தேவையில்லை, லைசன்ஸ் போதும். வேலை போவது எனக்குப் புதிதில்லை. ஊர் மாறாமல் வேலை மட்டும் மாறியதுதான் புதிது.

ஜிம் சாமான்களை எடுத்துவரப் போய், மாடி டாக்டர், மணிமாலை எல்லாவற்றையும் சொன்னபோது அண்ணன் விடவில்லை.

"யாரோ டாக்டர் ஏதோ சொன்னானாம், இவன் பயந்துட்டானாம். டேய், எனக்கு மூணு பிள்ளை லா."

என் மனைவியும் கூட வந்திருந்தாள். கதவருகே நின்றபடியே கேட்டாள். "அண்ணே, உங்க கடைசிப் பிள்ளைக்கு என்னா வயசு?"

"பதினஞ்சு."

"ஜிம்மு தொறந்து எத்தனை வருஷமாச்சு?"

எடைகள் கீழே வைக்கப்படுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. "பதினாலு," என்று முனகிவிட்டு அண்ணன் துண்டால் கழுத்து இருக்க வேண்டிய இடத்தைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் படியிறங்கி மோட்டார் சைக்கிளை எடுப்பதற்குள் தடித்தடியாக இருவர் பின்னாலேயே இறங்கி வந்து, தனித்தனியாக, இன்னொருவன் காதில் விழாதபடி, அந்த மாடி டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டார்கள். அந்த மாலை வலிக்குமா என்றும் ஒருவன் கேட்டான்.

இரண்டாவது சோதனையிலும் ஒன்றுமில்லை. அன்று என் மனைவி துணி துவைத்தாள். துவைத்த துணிகளையே மறுபடி துவைத்தாள். நான் வெளியே போய் வரட்டுமா என்று கேட்டேன். எனக்கு மனசு சரியில்லாத காலங்களில் வெளியே போனால் அடுத்த ஊரில்தான் நிற்பேன் என்று அவளுக்குத் தெரியும். "கொடிக்கயித்தப் பிடிங்க," என்று ஒரு முனையைக் கையில் கொடுத்தாள். பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது சோதனைக்கு டப்பாவை வீட்டிலிருந்தே கொண்டுவரலாம் என்றார்கள். ஆனால் சூடு ஆறக்கூடாது, சீக்கிரம் வந்து சேர வேண்டும். என் மனைவி மோட்டாரை ஓட்டினாள். நான் பின்னால், டப்பாவைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு. பாசார் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு அக்கா காய்கறிப் பையோடு குறுக்கே வந்து மோட்டார் கூடையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா தம்பி, வயித்தப் பிடிச்சிக்கிட்டு? வலியா?"

"ஆமாக்கா."

"இஞ்சி தட்டிப் போட்டு..."

"போறோம்க்கா, அவசரம்."

"அவசரம்னா அந்தக் கடையிலயே டாய்லெட் இருக்கே தம்பி."

என் மனைவியின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாளா என்று கேட்டேன். "பேசாம சூடா வச்சிருங்க," என்றாள்.

அந்த முறை பதிலைக் கேட்க அவளும் மாடிக்கு வந்தாள். டாக்டர் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அடா," என்றார். இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் நீந்துகின்றன. நிறைய என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பிள்ளை தங்கும் என்று உறுதி தரமாட்டேன், முயற்சி செய்யுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்றார். என் மனைவி அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். அதில் அவளுக்கு என்ன புரிந்ததோ, எழுத்தை விரலால் தொட்டாள்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னோம். அவர் விளக்கேற்றிக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்துத் திரும்பியபோது முகம் மாறியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த வாரம் விரதம் ஆரம்பம்," என்றார்.

எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. போன வருஷம் நேர்ந்தபோது, பிள்ளை வருகிறவரை வருஷா வருஷம் விரதமிருந்து மலையேறுவதாக மாமியார்தான் எங்கள் சார்பில் வாக்குக் கொடுத்திருந்தார். விரதம் என்றால் அவள் அறையில், நான் ஹாலில். டாக்டர் தள்ளிப் போடாதே என்கிறார். முருகன் தள்ளிப் படு என்கிறார்.

என் மனைவி தரையைப் பார்த்தாள், நான் மின்விசிறியைப் பார்த்தேன். இந்த விஷயத்தை மாமியார் முன்னால் எப்படிப் பேசுவது?

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவர் துணிப்பை கட்டிவைத்துத் தயாராக இருந்தார். விரதச் சமையலுக்கென்று தனியாக வைத்திருந்த சட்டிகளும் அந்தப் பையில் இருந்தன.

"பாகான் டாலாம்ல என் தங்கச்சிக்கு முட்டி வலியாம். தைப்பூசம் முடியற வரைக்கும் அங்கதான் இருப்பேன்."

"திடீர்னு என்னம்மா?" என்றாள் மகள்.

"முட்டி வலி சொல்லிட்டா வரும்?"

நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அவரோடு பெர்ரி வரைக்கும் போனேன். பெர்ரிக்கு வரிசையில் நிற்கும்போது, கடலைப் பார்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"விரதம் நான் இருந்துக்கறேன். உங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் பால்குடமும் நானே எடுத்துர்றேன். சாமிகிட்ட வாக்குக் குடுத்தது நான்தானே, நானே பேசிக்கிறேன். நீங்க வீட்டப் பாத்துக்குங்க."

"சரிங்கத்தை."

"நல்லா பாத்துக்குங்க."

"சரிங்கத்தை."

எனக்குக் காது சுட்டது. அவருக்கும் சுட்டிருக்க வேண்டும், முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டார். பெர்ரி கிளம்பியதும் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அத்தை ஏறியாச்சு."

"ம்." பிறகு சொன்னாள், "வரும்போது பாசார்ல மீன் வாங்கிட்டு வாங்க. நல்லதா பாத்து."

அவள் வீட்டில் இந்தப் பருவத்தில் மீன் சட்டி அடுப்பேறியதே இல்லை. ஆயர் ஈத்தாம் பாசாரில் இறங்கி, ஒரு நல்ல வாவல் மீனாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். மீன்காரச் சீனத்தி தராசில் போடாமல் என்னையே பார்த்தாள். வருஷக்கணக்காகத் தமிழர்களுக்கு விற்கிறவள், எங்கள் விரதமெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"நீங்கள்லாம் இந்த மாசம் மீன் தொடமாட்டீங்களே?" என்று மலாயில் கேட்டாள்.

"இந்த வருஷம் என் மாமியார் மட்டும்தான் விரதம்," என்றேன்.

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு செதிலைச் சீவத் தொடங்கினாள். இரண்டு துண்டாகவா, நாலாகவா என்று கேட்டாள். இரண்டு போதும் என்றேன்.